வாளியா, மெமரியா? வீட்டு ரெக்கார்டிங்குக்கு மூன்று டிலே பெடல்கள்

கிட்டார் ரெக்கார்டிங்கில் அனலாக்கா டிஜிட்டலா என்ற வழக்கு பெரும்பாலும் பேச்சோடு போய்விடும். வாசித்த நோட்டைக் கொஞ்சம் தாமதித்து எதிரொலியாகத் திருப்பித் தரும் டிலே பெடலில் மட்டும் அப்படி நழுவ முடியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே பேப்பரில் கணக்குப் போட்டே காட்டலாம். காதில் விழுவதும் அந்தக் கணக்குக்கு ஒத்துவரும். எடுத்துக்கொண்ட பெடல்கள் மூன்று: பாஸ் டிஎம்-2டபிள்யூ, எம்எக்ஸ்ஆர் கார்பன் காப்பி, பாஸ் டிடி-8. முதல் இரண்டும் அனலாக், மூன்றாவது டிஜிட்டல். மேடைக்காரர்களுக்கு வேறு கவலைகள் உண்டு. ஒரு லேப்டாப்பும், கிட்டாரை அதோடு இணைக்க இரண்டு இன்புட் உள்ள இன்டர்ஃபேஸ் பெட்டியும் வைத்துக்கொண்டு வீட்டில் பதிபவரின் பக்கம் நின்றுதான் இந்த மதிப்புரை.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் இவற்றை எடைபோட முடியாது. அனலாக் டிலேயின் உயிர் ‘பக்கெட் பிரிகேட்’ என்ற சிப். 1969இல் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் சாங்ஸ்டர், டீர் என்ற இருவர் கொடுத்த யோசனை. தீப்பிடித்த இடத்துக்குக் கிணற்றடியிலிருந்து ஆட்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவது போல, ஒலியின் மின்னழுத்தத்தை ஒரு கெப்பாசிட்டரிலிருந்து அடுத்ததுக்கு ஊற்றிக்கொண்டே போகும். எங்கேயும் அது எண்ணாக மாறுவதில்லை. எவ்வளவு வேகத்தில் கைமாற்றுவது என்பதைக் கிளாக் சொல்லும். கணக்கு எளிது: வாளிகளின் எண்ணிக்கையை, கிளாக் வேகத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் தாமதம் கிடைக்கும்.

பழைய டிஎம்-2வில் இருந்த எம்என்3005 சிப்பில் 4096 வாளிகள். கிளாக் 100 கிலோஹெர்ட்ஸ் என்றால் தாமதம் 20 மில்லி செகண்ட். 10 கிலோஹெர்ட்ஸ் என்றால் 205. 300 மில்லி செகண்ட் வேண்டுமென்றால் கிளாக்கை 6.8 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்க வேண்டும். அந்த வேகத்தில் பாதி, அதாவது 3.4 கிலோஹெர்ட்ஸ், அதற்கு மேல் உள்ள எந்த ஒலியையும் வாளி ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்காது. பழைய லேண்ட்லைன் போனில் குரலுக்கு வைத்திருந்த மேல் வரம்பும் இதே 3.4 கிலோஹெர்ட்ஸ்தான். அதை மீறினால் உடைந்த, சுருதி கெட்ட ஒலி திரும்பி வரும் என்பதால், சிப்புக்கு முன்னும் பின்னும் ஃபில்டர் போட்டு ட்ரெபிளை, அதாவது ஒலியின் கூர்மையான மேல் பகுதியை, வெட்டிவிடுகிறார்கள். பெரும்பாலான பெடல்களில் இந்த ஃபில்டர் அசையாதது. மிக நீண்ட தாமதத்துக்கு ஏற்றபடி ஒரே இடத்தில் நிற்கும். ஆகவே குமிழைக் குறைத்து 80 மில்லி செகண்டில் வைத்தாலும் எதிரொலி மங்கலாகவே வரும். ‘அனலாக் சூடு’ என்று விளம்பரத்தில் வருவதில் முக்கால் பங்கு இந்த வெட்டுதான்.

மீதி கால் பங்கு இரைச்சலை அடக்கும் ஏற்பாட்டிலிருந்து வருகிறது. வாளிச் சிப் தன்னளவில் ‘ஸ்ஸ்’ என்று இரையும். அதனால் உள்ளே போகும் ஒலியை 2:1 என்று அமுக்கி, வெளியே வரும்போது 1:2 என்று விரிக்கிறார்கள். இந்த அமுக்கலில் பிக் அடியின் முனை மழுங்கும், நோட்டு கொஞ்சம் பருக்கும். நோட்டு அடங்கும் கடைசி நொடியில் இரைச்சல் சேர்ந்து மூச்சுவிடுவது போல ஏறி இறங்கும். ஹெட்ஃபோனில் தனியாகக் கேட்டால் தெரியும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்த பிறகு யாரும் கவனிக்கப் போவதில்லை.

பாஸ் டிஎம்-2டபிள்யூ

1981இல் வந்து 1984இல் நின்ற டிஎம்-2வை 2014இல் பாஸ் தன் வாசா கிராஃப்ட் வரிசையில் மறுபடி கொண்டுவந்தது. ரிப்பீட் ரேட் (தாமதம்), எக்கோ (எதிரொலியின் லெவல்), இன்டென்சிட்டி (எத்தனை முறை திரும்ப வரும்) என்று மூன்றே குமிழ்கள். ஸ்டாண்டர்ட், கஸ்டம் என்று ஒரு சுவிட்ச். ஸ்டாண்டர்டில் 20 முதல் 300 மில்லி செகண்ட் வரை, பழைய பெடலின் அதே மங்கல். கஸ்டமில் 800 வரை நீளும். ஒலி இன்னும் தெளிவு.

ஸ்டாண்டர்டில் ஒரு சோதனை. சிங்கிள் காயில் கிட்டாரில் பிரிட்ஜ் பிக்கப்பை வைத்து, இரண்டாம் தந்தியின் 12ஆம் ஃப்ரெட்டை ஒரே ஒரு முறை பிக்கால் சுண்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். முதல் எதிரொலியில் பிக் தந்தியில் உரசும் ‘டிக்’ காணாமல் போயிருக்கும். இரண்டாவதில் கம்பியின் உலோகத்தன்மை போகும். நான்காவது வரும்போது பக்கத்து அறையில் யாரோ அதே நோட்டை வாய்மூடி முனகுவது போல இருக்கும். ஒவ்வொரு சுற்றும் அதே ஃபில்டர் வழியாக மறுபடி போய் வருவதால் இழப்பு கூடிக்கொண்டே போகிறது. எதிரொலி தானாகப் பின்னால் ஒதுங்கி, அடுத்த நோட்டுக்கு இடம் விடுகிறது. குரலோடு கிட்டார் வாசிக்கும் பாட்டில் இந்த ஒதுங்கல் மிக்ஸ் வேலையில் பாதியை மிச்சப்படுத்தும்.

இன்டென்சிட்டியைக் கடைசிப் பகுதிக்குத் திருப்பினால் எதிரொலி அடங்காமல் தன்னையே தின்று பெருக ஆரம்பிக்கும். அப்போது ரிப்பீட் ரேட்டைத் திருப்பினால், வாளிகளுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒலி புதிய வேகத்தில் வெளியே வரும். சுருதி வழுக்கிக்கொண்டு ஏறும், இறங்கும். பெடல் இருக்க வேண்டியது இந்தக் கைவேலைக்காகத்தான். பதியும்போது ஒரு எச்சரிக்கை: லெவல் சட்டென்று எகிறும். இன்டர்ஃபேஸில் இன்புட்டை வழக்கத்தைவிட 10 டெசிபெல் குறைத்து வையுங்கள். கம்ப்யூட்டர் வழியாகக் கேட்பதாக இருந்தால் மானிட்டருக்குப் போகும் வழியில், லெவல் எகிறாமல் தடுக்கும் ஒரு லிமிட்டரைப் போட்டுவிடுங்கள். ஹெட்ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம்.

ரெக்கார்டிங்குக்கு இதன் பெரிய பலம் பின்னால் இருக்கிறது: நேரடி ஒலிக்கும் எதிரொலிக்கும் தனித்தனி ஜாக். அதைப் பற்றிக் கீழே. குறை என்றால், பாட்டின் வேகத்தைத் தட்டிக் காட்டித் தாமதத்தை அமைக்கும் டேப் டெம்போ கிடையாது. தாமதத்தைக் காலால் மாற்ற எக்ஸ்ப்ரஷன் பெடலுக்கு ஒரு ஜாக் உண்டு. அது டெம்போவோடு ஒட்டி நிற்பதற்கு உதவாது.

எம்எக்ஸ்ஆர் கார்பன் காப்பி

2008 முதல் விற்பனையில் இருக்கிறது. 600 மில்லி செகண்ட் வரை போகும். 4096 வாளிச் சிப் ஒன்றே ஒன்றால் 600 எடுக்கப் பார்த்தால் கிளாக் 3.4 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி ஒலி சகதியாகிவிடும். ட்ரெபிள் மேலும் குறையாமல் 600 வேண்டுமானால் இரண்டு சிப்பைத் தொடராக வைத்தாக வேண்டும். எந்த அனலாக் டிலே வாங்கினாலும் இதைக் கேளுங்கள்: எத்தனை மில்லி செகண்ட், அதற்கு எத்தனை சிப்? பெட்டியில் பெரிய எண்ணைப் போட்டு, உள்ளே சிப்பைக் குறைத்தால் என்ன கிடைக்கும் என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

கார்பன் காப்பியின் எதிரொலி டிஎம்-2டபிள்யூவின் கஸ்டமைவிட மங்கல். டிலே, மிக்ஸ், ரீஜென் (எத்தனை முறை திரும்ப வரும்) என்று மூன்று குமிழ்கள், எதிரொலியின் சுருதியை அலையவிடும் மாடுலேஷனுக்கு ஒரு சின்ன பொத்தான். அந்த மாடுலேஷன் எவ்வளவு ஆட வேண்டும், எவ்வளவு வேகமாக ஆட வேண்டும் என்பதற்கான இரண்டு ட்ரிம் பாட்கள், அதாவது திருப்புளியால் திருப்பும் குட்டிக் குமிழ்கள், உள்ளே இருக்கின்றன. அடித்தட்டின் நான்கு திருகுகளைக் கழற்றினால் தெரியும். பலர் வருஷக்கணக்கில் கடையில் வந்த செட்டிங்கிலேயே வாசித்துக்கொண்டிருப்பார்கள். அகலத்தைக் கால் சுற்று குறைத்து, வேகத்தையும் குறைத்தால், எதிரொலி சுருதி தள்ளாடாமல் லேசாக அலையும். ஆர்பெஜியோவுக்கு அது போதும். மெல்லிய திருப்புளியால் மெதுவாகத் திருப்புங்கள். முதலில் எங்கே இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொண்டால் திரும்பி வர வழி இருக்கும்.

இது ட்ரூ பைபாஸ்: அணைத்தால் கிட்டார் ஒலி சர்க்யூட்டைத் தொடாமல் நேராக வெளியே போகும். அணைத்த கணத்தில் எதிரொலியும் கத்தரித்தது போல நின்றுவிடும். ஒரு வரி முடிந்து வால் மட்டும் தொங்க வேண்டும் என்றால், நேரடியாகப் பதியும்போது பெடலை அணைக்காமல் விட்டு, அடுத்த பகுதியைத் தனி ட்ராக்கில் பதியுங்கள். ஆம்ப்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் (பெடலை ஆம்ப்பின் நடுவே செருகும் ஜாக்குகளில்) மாட்டுபவர்கள் லூப்பின் லெவலைப் பாருங்கள். லைன் லெவலில் ஓடும் லூப் வாளிச் சிப்புக்கு அதிகம். கிளீன் கார்டில்கூட எதிரொலி மட்டும் கரகரக்கும். லெவல் சுவிட்ச் இருந்தால் குறைந்த பக்கம் வையுங்கள்.

பாஸ் டிடி-8

சின்னப் பெட்டி டிஜிட்டல் டிலே என்ற சாமானை 1983இல் டிடி-2 மூலம் தொடங்கிவைத்ததே பாஸ்தான். அதில் 12 பிட், 800 மில்லி செகண்ட். 2019இல் வந்த டிடி-8இல் 10 செகண்ட் வரை தாமதம், 11 மோட்கள், வாசித்ததைப் பதிந்து சுற்றவிடும் 40 செகண்ட் லூப்பர், ஸ்டீரியோ இன்புட், ஸ்டீரியோ அவுட்புட். பெடலையே அழுத்திப் பிடித்து டேப் டெம்போவுக்குப் போகலாம், வெளியே ஃபுட்சுவிட்ச்சும் மாட்டலாம்.

ஸ்டாண்டர்ட் மோடில் மேலே சொன்ன அதே 12ஆம் ஃப்ரெட் சோதனையைச் செய்தால், நான்காவது எதிரொலியிலும் பிக்கின் ‘டிக்’ அப்படியே இருக்கும். தாளத்தோடு பின்னிக்கொள்ளும் வாசிப்புக்கு இதுதான் வேண்டும். புள்ளி வைத்த எட்டாம் நோட்டு (முக்கால் அடி) டிலேயில் கை வாசிப்பது எது, பெடல் வாசிப்பது எது என்று பிரிக்க முடியாமல் இருப்பதே அழகு. அங்கே அனலாக்கின் மங்கல் ஆட்டத்தைக் கெடுக்கும். மெதுவான சோலோவில் நிலைமை தலைகீழ். ஒவ்வொரு எதிரொலியும் புது நோட்டு போல முன்னால் வந்து நிற்பதால் இரண்டே அடியில் கூட்டமாகிவிடும். எதிரொலி லெவலை நினைத்ததைவிட 6 டெசிபெல் குறைக்க வேண்டியிருக்கும்.

அனலாக் மோட் எப்படி? செட்டிங்கைத் தொடாமல், முழு மிக்ஸுக்குள் வைத்துக் கேட்டால் டிஎம்-2டபிள்யூவிலிருந்து பிரித்துச் சொல்வது கஷ்டம். குமிழில் கை வைத்துத் திருப்பும் வேலைக்கு வந்தால் வாளிப் பெடலின் இழுவை இதில் இல்லை.

இந்தப் பெடலிடம் உள்ள மனக்குறை வேறு. டிஜிட்டல் என்றால் எண் தெரியும், சேமித்து வைக்கலாம் என்று எதிர்பார்ப்போம். இதில் மில்லி செகண்ட் காட்டும் திரை இல்லை, பிரீசெட் இல்லை, கம்ப்யூட்டரிலிருந்து இயக்க மிடி இல்லை. நேற்று வைத்த ஒலியை இன்று கொண்டுவர, அனலாக்காரர்கள் மாதிரியே குமிழ்களைப் போட்டோ எடுக்க வேண்டியதுதான். மிக்ஸ் செய்யும் சாஃப்ட்வேரோடு வரும் சாதாரண டிலே பிளக்கினே டெம்போவைப் பின்தொடரும், செட்டிங்கை ஃபைலோடு சேமிக்கும். வீட்டு ரெக்கார்டிங் ஒன்றுக்காக மட்டும் டிடி-8 வாங்குவது வீண்செலவு. ஆம்ப் முன்னால் நின்று வாசிப்பவருக்கும் இரண்டு ஆம்ப் வைத்திருப்பவருக்கும் அது பிரயோஜனம்.

எதிரொலியை எப்படிப் பதிவது

வீட்டில் பதிபவர்கள் அதிகம் வருத்தப்படுவது ஒரே விஷயத்துக்கு: எதிரொலியையும் கிட்டாரையும் ஒரே ட்ராக்கில் சேர்த்துப் பதிந்துவிடுவது. பிறகு எதிரொலி அதிகம் என்று தோன்றினால் வாசித்ததையே தூக்கிப் போட வேண்டும்.

டிஎம்-2டபிள்யூ இருந்தால் வழி சுலபம். டைரக்ட் அவுட் ஜாக்கை இன்டர்ஃபேஸின் முதல் இன்புட்டுக்கும், அவுட்புட் ஜாக்கை இரண்டாவதுக்கும் கொடுங்கள். இரண்டு மோனோ ட்ராக்காகப் பதியுங்கள். நேரடி ட்ராக்கில் ஆம்ப் பிளக்கின் போட்டுக்கொள்ளலாம். எதிரொலி ட்ராக்கிலும் அதே ஆம்ப்பைப் போடுங்கள். ஆனால் கெயினைக் குறைத்து. நிஜத்தில் டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் டிலே வைப்பதுதான் வழக்கம், முன்னால் வைத்தால் எதிரொலியும் நோட்டும் ஒன்றாக அரைபட்டுக் குழம்பும். இரண்டு ட்ராக்காக இருப்பதால் இங்கே அந்தக் குழப்பம் வராது. எதிரொலியை இடப் பக்கம் 40 சதவீதம் தள்ளி, நேரடியை நடுவில் வைத்துப் பாருங்கள்.

கார்பன் காப்பிக்கு ரீஆம்ப் வழி. முதலில் கிட்டாரைச் சுத்தமாகப் பதிந்துவிட்டு, அந்த ட்ராக்கை இன்டர்ஃபேஸின் லைன் அவுட்டிலிருந்து ரீஆம்ப் பெட்டி வழியாகப் பெடலுக்கு அனுப்பி, பெடலிலிருந்து இன்புட்டுக்குத் திரும்ப எடுப்பது. லைன் அவுட்டின் +4 டெசிபெல்யூ என்பது 1.23 வோல்ட், கிட்டார் பிக்கப் தருவது அதில் பத்தில் ஒரு பங்கு அளவு. ஆகவே 20 டெசிபெல் போலக் குறைக்க வேண்டும். ரீஆம்ப் பெட்டி இல்லையென்றால் சாஃப்ட்வேரிலேயே குறைத்து அனுப்பலாம், வேலை நடக்கும். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கிரவுண்ட் லூப்பையும் (எர்த் வழியாக இரைச்சல் சுற்றும் பாதையையும்) அறுக்கிறது. அது இல்லாமல் ‘ஹம்’ வந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஹம் நின்றால் காரணம் சார்ஜரும் எர்த்தும், பெடல் நிரபராதி.

திரும்பி வரும் ஒலியில் நேரடி ஒலி ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று கட்டாயம் சோதியுங்கள். மிக்ஸ் முழுதாக, ரீஜென் பூஜ்யத்தில், டிலே உச்சத்தில் வைத்து ஒரே ஒரு கிளிக்கை அனுப்பிப் பதியுங்கள். அலைவடிவத்தில் 600 மில்லி செகண்ட் பக்கத்தில் வருவது எதிரொலி. தொடக்கத்திலேயே இன்னொரு முனை தெரிந்தால் அது கசிந்த நேரடி ஒலி. இது தொல்லை, ஏனென்றால் இன்டர்ஃபேஸ் வழியே போய்வந்ததில் அது சில மில்லி செகண்ட் பிந்தியிருக்கும். 5 மில்லி செகண்ட் பிந்திய நகல் அசலோடு சேர்ந்தால் 100, 300, 500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும். கிட்டார் குழாய்க்குள் வாசித்தது போலாகும். அந்த முதல் முனையை அசல் ட்ராக்கின் கிளிக்கோடு நேராக வரும்படி முழு ட்ராக்கையும் முன்னால் நகர்த்துங்கள். பள்ளம் போய்விடும், லெவல் மட்டும் கொஞ்சம் கூடும்.

டெம்போவுக்கு ஒட்டவைக்கவும் இதே கிளிக்தான் அளவுகோல். 60,000ஐப் பாட்டின் பிபிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை அடி) வகுத்தால் ஒரு அடியின் மில்லி செகண்ட். புள்ளி வைத்த எட்டாம் நோட்டுக்கு அதை 0.75ஆல் பெருக்க வேண்டும். 96 பிபிஎம் பாட்டுக்கு 468.75. கிளிக்கை அனுப்பி, இரண்டு முனைகளுக்கு நடுவே எத்தனை மில்லி செகண்ட் என்று திரையில் அளந்து, குமிழை மயிரிழை திருப்பி, மறுபடி அளக்க வேண்டும். மூன்று நான்கு முறையில் 2 மில்லி செகண்ட் நெருக்கத்துக்கு வரும். ‘காதால் வைத்துக்கொள்ளலாம்’ என்று விட்டால் 10 மில்லி செகண்ட் பிசகுவது சகஜம். முதல் எதிரொலியில் அது தெரியாது. நான்காவதில் 40 ஆகியிருக்கும், தாளம் நொண்டும். அளக்கச் சோம்பல் என்றால் எதிரொலியை இரண்டோடு நிறுத்துங்கள். 80 முதல் 140 மில்லி செகண்ட் வரையான ஸ்லாப்பேக்குக்கு (சட்டென்று வந்து போகும் குட்டி எதிரொலிக்கு) இந்தப் பாடெல்லாம் வேண்டாம்.

பெடலே வாங்காமல் பிளக்கினில் அனலாக் ஒலியை வரவழைக்க முடியுமா? பெருமளவு முடியும், ஃபில்டர் சரியான இடத்தில் இருந்தால். டிலேக்குப் பின்னால் ஈக்யூ போட்டு ட்ரெபிளை வெட்டினால் எல்லா எதிரொலியும் ஒரே அளவு மங்கும். துணியைப் போர்த்தியது போல இருக்கும். ஃபில்டர் ஃபீட்பேக் சுற்றுக்குள், அதாவது எதிரொலி மறுபடி உள்ளே போகும் வழியில், இருந்தால்தான் ஒவ்வொன்றும் முந்தையதைவிட மங்கும். பிளக்கினில் இருக்கும் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, ஃபீட்பேக்கை ஏற்றிவிட்டு இரண்டாவதையும் ஐந்தாவதையும் ஒப்பிட்டுக் கேளுங்கள். ஐந்தாவது கூடுதலாக மங்கியிருந்தால் உள்ளே. மேலே 3 கிலோஹெர்ட்ஸ், கீழே 150 ஹெர்ட்ஸ் என்று வெட்டி, சாச்சுரேஷன் (லேசான கரகரப்பு) இருந்தால் துளி, 0.5 ஹெர்ட்ஸில் காதுக்கு எட்டியும் எட்டாத அளவு சுருதி அலைவு. இதைக் கேட்ட பிறகும் டிஎம்-2டபிள்யூ வேண்டும் என்று தோன்றினால், அது திருப்பும் கைக்காக. அந்தக் காரணத்துக்கு அது விலைக்குத் தகும். மூன்றில் ஒன்றுதான் என்றால் அதையே எடுக்கலாம்.

கரண்ட்

மூன்றும் 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலியாகப் பிரித்துக் கொடுத்தால் டிஜிட்டல் பெடலின் கிளாக் இரைச்சல் மற்றவற்றுக்குள் ‘கீ’ என்று கசியலாம். இன்னும் குழப்புவது அனலாக் கோரஸும் அனலாக் டிலேயும் ஒரே சப்ளையில் இருப்பது: இரண்டு கிளாக்கும் மோதி, டிலே குமிழைத் திருப்பத் திருப்ப ஏறி இறங்கும் ஒரு விசில் வரும். பெடல் கெட்டுவிட்டது என்று கழற்றுவதற்கு முன், ஒன்றை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். விசில் நின்றால் தேவை ஐசொலேட்டட் அவுட்புட் (ஒவ்வொரு பெடலுக்கும் தனியாகப் பிரித்த கரண்ட்) உள்ள சப்ளை.

பழைய சரக்கும் ‘அனலாக்’ ஸ்டிக்கரும்

மலிவான பெட்டிகளில் ‘அனலாக் டிலே’ என்று எழுதியிருப்பதில் கணிசமானவற்றுக்குள் இருப்பது பிடி2399. தைவானின் பிரின்ஸ்டன் டெக்னாலஜி தயாரிக்கும் 16 கால் சிப், கரோக்கே எக்கோ பெட்டிகளில் வருவது. அது ஒலியை எண்ணாக்கி மெமரியில் வைத்து எடுக்கும் டிஜிட்டல் சிப். சுமார் 340 மில்லி செகண்டுக்கு மேல் இழுத்தால் கரகரப்பு ஏறும். கேட்க மோசமில்லை, விலைக்கு நல்ல பெடல்களும் அதில் உண்டு. அனலாக் என்று நம்பி அதிகம் கொடுக்காமல் இருந்தால் போதும். மூடியைத் திறக்க விட்டால் பாருங்கள்: 16 காலில் ஒரு சிப்பும் பக்கத்தில் 5 வோல்ட் ரெகுலேட்டரும் இருந்தால் பெரும்பாலும் அதுதான்.

நிஜமான பழைய டிஎம்-2 கைக்கு வந்தால், டிலேயை உச்சத்தில் வைத்து எதையும் வாசிக்காமல் கேளுங்கள். 300 மில்லி செகண்டில் கிளாக் 6.8 கிலோஹெர்ட்ஸ், அதாவது காதுக்கு எட்டும் தூரம். வாளிச் சிப்பின் இரண்டு அவுட்புட்டும் எதிரெதிராகக் கூடி அந்த விசிலை அழித்துவிட வேண்டும். சமநிலை தவறியிருந்தால் மெல்லிய ‘ஈ’ கேட்கும். அது ட்ரிம் பாட் வேலை, தெரிந்த ரிப்பேர்காரர் சரிசெய்துவிடுவார். எதிரொலி மட்டும் உடைந்து ஒலித்தால் பயஸ் (சிப்புக்குக் கொடுக்கும் அடிப்படை மின்னழுத்தம்) நகர்ந்திருக்கலாம், அதற்கும் ட்ரிம் பாட் உண்டு. எதிரொலியே வரவில்லை என்றால் விலையைப் பேசும்போது யோசியுங்கள். எம்என்3005 என்று மேலே அச்சடித்து விற்கும் போலிச் சிப்புகள் நிறைய உலவுகின்றன. மாற்றுச் சிப் வாங்குவதாக இருந்தால், வேலை செய்யாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளும் இடத்தில் வாங்குங்கள். போர்டில் நேராகப் பற்றவைக்காமல் சாக்கெட் வைத்து அதில் மாட்டச் சொல்லுங்கள்.